மணியின் கண்ணும் ஒரு கையெழுத்தும்

மதிப்புக்குரிய மேடம்,

எங்கள் மணிக்கு 13 வயது. பொமரேனியன். கண் நீர் அழுத்த நோயில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. இடது கண் சுருங்கி அடங்கிவிட்டது. வலது கண் மட்டும் சிவந்து, பாலாடை படிந்ததுபோல் வெளுத்து, துருத்திக்கொண்டு நிற்கிறது. சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டும் அழுத்தம் 48-க்குக் கீழே இறங்கவில்லை. கண்ணை எடுத்துவிடலாம் என்கிறார் கால்நடை மருத்துவர்.

“இந்த வயசுல எதுக்குக் கத்தி? கண்ணில்லாத முகத்த எப்படிப் பார்க்கறது?” என்கிறார் மாமியார். “உங்க அப்பா வளர்த்த நாய், நீயே முடிவு பண்ணு” என்று கணவர் ஒதுங்கிவிட்டார். அப்பா ஆபரேஷனுக்கு உள்ளே போனவர், திரும்பவில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். மணிக்கும் அப்படி ஆகிவிட்டால்? அவன் அழுவதில்லை, சாப்பிடுகிறான். இப்படியே விட்டுவிடலாமா?

– ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெயரைச் சொல்லாமல் ஒரு கால்நடை மருத்துவரிடம் விசாரித்தேன். நாய்க்குக் கண் அழுத்தம் 25-க்குள் இருக்க வேண்டுமாம். 48 என்றால் கடுமையான வலி. அழுத்தம் திடீரென்று ஏறினால் மனிதர்கள் தலை பிளக்கிறது என்று சொல்லி வாந்தி எடுப்பார்கள். நாய் அப்படிக் காட்டிக்கொள்ளாது. கூடுதலாகத் தூங்கும், வலது பக்கம் கை போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், தலையைச் சுவரில் தேய்க்கும். வயதாகிவிட்டது, அதான் படுத்தே கிடக்கிறான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். சாப்பிடுவதை வைத்து வலி இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கண்ணை எடுத்த பிறகு இமைகளைச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். சுமார் இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், அப்புறம் முடி வளர்ந்து மூடிவிடும். கண்ணை மூடியிருப்பதுபோலத்தான் தெரியும் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குள் மூக்கையும் காதையும் வைத்து நடமாடிக்கொண்டிருப்பவனுக்கு அதில் எந்தக் குறையும் வராது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் பிழைக்க வேண்டும் என்றுதான் அன்று கையெழுத்துப் போட்டீர்கள். அந்தக் கையெழுத்துதான் அவரைக் கொண்டுபோனது என்ற எண்ணம் உள்ளுக்குள் இருக்கிறது, அதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மணி அப்பாவின் நாய் என்பதால் பயம் இரண்டு மடங்காகிறது. இதைக் கணவரிடம் சொல்லுங்கள். நாயைப் பற்றி அல்ல, அப்பாவைப் பற்றி. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரும் உங்களோடு வரட்டும். இந்த முடிவை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

மயக்க மருந்தில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயதைவிட இதயம், சிறுநீரகம், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். ரத்தப் பரிசோதனையும் இதய ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். இன்னொருவரிடமும் கேட்க வேண்டுமென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். எல்லாம் சரியாக இருந்தால் எடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து. இதயம் தாங்காது என்றால், கண்ணுக்குள் ஊசி போட்டு நீர் சுரப்பதைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது. எல்லா நாய்க்கும் பலிக்காது, சில சமயம் திரும்பப் போட வேண்டிவரும். உங்கள் மருத்துவரிடம் அதையும் கேளுங்கள்.

முடிவெடுக்க நாளாகலாம், பரவாயில்லை. அதற்குள் வலிக்கு மருந்து எழுதி வாங்கிவிடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷமாகிவிடலாம்.