சொல்லிக் கொடுத்த அண்ணனுக்கே மெமோ கொடுக்கச் சொல்றாங்க, என்ன பண்றது?

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனில இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. வயசு 34, 11 வருஷமா மெஷின் ஷாப்ல ஆபரேட்டர், ரெண்டு மாசம் முன்னாடி ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. அவருக்கு லேத்துல கை வைக்கச் சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருத்தர், 51 வயசு, இப்ப இவருக்குக் கீழ வேலை பாக்கறாரு. அந்த அண்ணன் வாரத்துல மூணு நாள் லேட்டு, அரை மணி, முக்கா மணி. கேட்டா சிரிச்சுட்டே போயிடறாராம். காண்ட்ராக்ட் பசங்க "அவருக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா"ன்னு முணுமுணுக்கறாங்க. எச்.ஆர். "மெமோ குடு, நீ சூப்பர்வைசர்தானே"ங்கறாரு. வெளியில இருந்து வர்ற ஒரு கன்சல்டன்ட் "வெள்ளைத்தாள்ல ஒரு கையெழுத்து வாங்கி வை, பின்னாடி உதவும்"ங்கறாரு. கடைசியா ஒரு வரி, "சார், இனிமேலும் அவரை அண்ணேன்னு கூப்பிடலாமா?"

தம்பி, முதல்ல வெள்ளைத்தாள் விஷயம். வாங்காதே. நீ வாங்கற கையெழுத்துக்கு மேல என்ன எழுதுவாங்கன்னு உனக்குத் தெரியாது, பெரும்பாலும் ராஜினாமா கடிதம்தான் எழுதுவாங்க, நாளைக்கு அது லேபர் ஆபீஸ்ல போய் நிக்கும்போது "யார் முன்னாடி கையெழுத்து போட்டீங்க"ன்னு கேட்டா அவர் உன் பேரைத்தான் சொல்லுவாரு, கன்சல்டன்ட் பேரைச் சொல்ல மாட்டாரு ஏன்னா அந்த ஆள் பேரே அவருக்குத் தெரியாது. நான் பர்சனல் டிபார்ட்மென்ட்ல 31 வருஷம் இருந்தேன், இந்த மாதிரி ஆளுங்கள நிறைய பாத்துட்டேன். ஒரு பக்கம் கம்பெனிகிட்ட "ஆளை வெளிய அனுப்பித் தர்றேன்"னு ஃபீஸ் வாங்குவாங்க, இன்னொரு பக்கம் தொழிலாளிகிட்ட "செட்டில்மென்ட் அதிகமா வாங்கித் தர்றேன்"னு கமிஷன் பேசுவாங்க. நடுவுல மாட்டறது உன்ன மாதிரி சூப்பர்வைசர்.

இப்ப மெமோ. மெமோ தப்பில்ல, ஆனா அது முதல் படி இல்ல. நீ இன்னும் அவர்கிட்ட உக்காந்து பேசவே இல்லைங்கறது உன் கடிதத்துலயே தெரியுது. "கேட்டா சிரிச்சுட்டே போயிடறாரு"ன்னு எழுதியிருக்கே, எங்க வெச்சு கேட்டே? கேட்ல வெச்சா? நாலு பசங்க நிக்கும்போது "என்னண்ணே இப்பத்தான் வர்றீங்களா"ன்னு பாதி கிண்டலா கேட்டிருப்பே, அவரும் சிரிச்சிருப்பாரு, வேற என்ன பண்ணுவாரு?

தனியா கூப்பிடு. ஷிப்ட் ஆரம்பத்துல வேண்டாம், அவர் அப்பத்தான் ஓடி வந்திருப்பாரு, நீயும் புரொடக்‌ஷன் டென்ஷன்ல இருப்பே. கேண்டீன்ல வேண்டாம். அவர் வீட்டுக்குப் போய் பேசறேன்னு கிளம்பவே கிளம்பாதே, அவங்க சம்சாரம் முன்னாடி அவர் மானம் போச்சுன்னா அப்புறம் நீ ஆயிரம் அண்ணே போட்டாலும் எடுபடாது. டீ டைம் முடிஞ்சதும் டூல் ரூம் பக்கம் ஒரு பத்து நிமிஷம் போதும். கையில தேதியும் நேரமும் எழுதின சின்ன துண்டு வெச்சுக்கோ. "அண்ணே, திங்கக்கிழமை 7.35, புதன் 7.40, வெள்ளி 7.30. ஷிப்ட் 7 மணிக்குங்கண்ணே. என்னாச்சுங்க?" அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே, வாயை மூடிட்டு இரு, அதுதான் கஷ்டம். நம்ம ஆளுங்களுக்கு அஞ்சு செகண்ட் அமைதியா இருந்தா தாங்காது, உடனே "பரவால்லண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க"ன்னு நாமே கேஸை மூடிடுவோம். "நீங்க எப்பவுமே லேட்டு", "உங்களால ஷாப்பே கெட்டுப் போச்சு"ன்னும் சொல்லாதே. எப்பவுமேன்னு சொன்னா அவரு சீக்கிரம் வந்த ஒரு நாளை எடுத்துப் போடுவாரு, பேச்சு அங்கயே திசை மாறிடும்.

எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா நான் இதே தப்பை செஞ்சிருக்கேன். 90கள்ல ஒரு ஃபிட்டருக்கு லேட் வர்றாருன்னு எல்லார் முன்னாடியும் மெமோ நீட்டினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, ஷிப்ட் நேரத்தை எட்டுல இருந்து ஏழரைக்கு மாத்தினது நாங்க, அன்னூர் பக்கம் இருந்து அவரு ஏறற முதல் பஸ்ஸே ஏழு அம்பதுக்குத்தான் வந்து சேரும். பஞ்சிங் ரிப்போர்ட்ட மூணு மாசத்துக்கு அடிச்சு வெச்சிருந்தோம், பஸ் டைம் ஒருத்தனும் பாக்கல. மெமோவைத் திருப்பி வாங்கினேன், ஆனா அவரு ரிட்டயர் ஆகற வரைக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசல.

உன் அண்ணனுக்குக் காரணம் பஸ்ஸா இருக்கலாம், சுகரா இருக்கலாம், கடனா இருக்கலாம், இல்ல வெறும் மனக்கசப்பாவும் இருக்கலாம். அவர் இருக்க வேண்டிய இடத்துல நீ உக்காந்திருக்கே, அதையும் நீ தெரிஞ்சுக்கணும். அப்படி இருந்தா அவருக்கு இன்க்ரிமென்ட் வாங்கித் தர்றேன்னு வாக்கு குடுக்காதே, அது உன் கையில இல்ல. உன் கையில இருக்கறத குடு. புதுசா வர்ற ஒடிசா, பீகார் பசங்களுக்கு செட்டிங் சொல்லிக் குடுக்கற பொறுப்பை அவர்கிட்ட விடு, முதல் பீஸ் அப்ரூவல், அதாவது மெஷின்ல வர்ற முதல் பீஸ் அளவு சரியான்னு பாக்கறதை, அவரு பாக்கட்டும். ஷிப்ட் தொடங்கறப்ப முதல் பீஸ் பாக்கற ஆளு ஏழு மணிக்கு வந்துதான் ஆகணும், அது அவருக்கே புரியும்.

இதெல்லாம் நானா கண்டுபிடிச்சது இல்ல தம்பி. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அமெரிக்காவுல ஃபேக்டரிகள்ல திடீர்னு நிறைய பேரை சூப்பர்வைசர் ஆக்க வேண்டி வந்துச்சு, உன்ன மாதிரி நேத்து வரைக்கும் மெஷின்ல நின்ன ஆளுங்கதான். அவங்களுக்கு டி.டபிள்யூ.ஐ.ன்னு (டிரெய்னிங் வித்தின் இன்டஸ்ட்ரி) ஒரு பயிற்சி குடுத்தாங்க, அதுல ஆளுங்களைப் பாத்துக்கறதுக்குன்னே ஒரு பாடம், ரெண்டு மணி நேரம் வீதம் 5 தடவை, மொத்தம் 10 மணி நேரம். சட்டைப் பையில வெச்சுக்கற மாதிரி ஒரு கார்டு. விஷயத்தை முழுசா சேகரி, யோசிச்சு முடிவெடு, செயல்படு, பலன் என்னன்னு திரும்பிப் பாரு, இந்த நாலுதான். அவசரப்பட்டு முடிவுக்குத் தாவாதேன்னு அதுல எழுதியே இருக்கும். போருக்கப்புறம் ஜப்பான்காரங்க அதை அப்படியே எடுத்துக்கிட்டாங்க. 10 மணி நேரம்! நம்ம ஊர்ல நல்லா வேலை செய்யற ஆபரேட்டரைத் தூக்கி சூப்பர்வைசர் ஆக்குவாங்க, ஒரு நல்ல ஆபரேட்டர் போச்சு, ஒரு பயந்த சூப்பர்வைசர் வந்தாச்சு, பயிற்சின்னு கேட்டா வருஷத்துக்கு ஒரு தடவை ஹோட்டல் ஹால்ல கோட்டு போட்ட ஒருத்தர் வந்து கை தட்டச் சொல்லுவாரு, சிங்கம் கழுகு கதை சொல்லுவாரு, மத்தியானம் சாப்பாடு மட்டும் நல்லாருக்கும். அந்தக் காசுக்கு நாலு சூப்பர்வைசரை உக்கார வெச்சு ஸ்டாண்டிங் ஆர்டரை, அதாவது கம்பெனியோட வேலை விதிகளை, படிச்சுக் காட்டலாம்.

சரி, பேசியாச்சு, ரெண்டு மூணு வாரம் பாத்தாச்சு, அப்பவும் மாறலைன்னா? அப்ப மெமோ குடு, தயங்காதே. ஆனா உங்க கம்பெனி ஸ்டாண்டிங் ஆர்டர்ல லேட்டுக்கு என்ன எழுதியிருக்குன்னு எச்.ஆர்.கிட்ட வாங்கிப் படி. 2025 நவம்பர் 21ல இருந்து புது தொழிலாளர் கோடுகள் (பழைய சட்டங்களைச் சேர்த்த சட்டத் தொகுப்புகள்) அமலுக்கு வந்தாச்சு, அதுல ஸ்டாண்டிங் ஆர்டர் 300 பேர் இருக்கற இடத்துக்குத்தான் கட்டாயம், பழைய 1946 சட்டத்துல 100 பேர்னு இருந்துச்சு. சின்ன இடம்னா அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன இருக்குன்னு பாக்கணும். மெமோல தேதி, நேரம், எத்தனை நிமிஷம், அவ்வளவுதான் இருக்கணும், "ஒழுங்கீனமான நபர்" மாதிரி வசனம் வேண்டாம். பதில் எழுத டைம் குடு. எடுத்தவுடனே சஸ்பெண்ட் பண்ணலாமான்னு எச்.ஆர். கேட்டா, சும்மா உக்கார வெச்சாலும் முதல் 90 நாளைக்குப் பாதி சம்பளம் குடுத்தே ஆகணும்னு ஞாபகப்படுத்து, லேட்டுக்கெல்லாம் யாராவது சஸ்பெண்ட் பண்ணுவாங்களா.

இப்ப நீ ஒரே வரியில எழுதிட்டு தாண்டிப் போன விஷயத்துக்கு வர்றேன், எனக்கு அதுதான் பெருசாப் படுது. காண்ட்ராக்ட் பசங்க 15 நிமிஷம் லேட்டானா அரை நாள் சம்பளம் கட்டுன்னு எழுதியிருக்கே. யாரு கட் பண்றா? காண்ட்ராக்டர். எந்த சட்டத்துல? 1936 சம்பளச் சட்டத்துல இருந்து இப்ப இருக்கற வேஜஸ் கோடு வரைக்கும் ஒரே விதிதான், எவ்வளவு நேரம் வரலையோ அதுக்கு உண்டான அளவுதான் பிடிக்கலாம். 15 நிமிஷத்துக்கு 15 நிமிஷ காசு. அரை நாள் பிடிச்சா மிச்சம் யார் பைக்குப் போகுது? கம்பெனிக்கு முழு பில் போடறானா இல்ல குறைச்சுப் போடறானான்னு உங்க அக்கவுன்ட்ஸ்ல யாராவது பாத்தாங்களா? பாத்திருக்க மாட்டாங்க. நாளைக்கு அந்தப் பசங்க சம்பளம் ஒழுங்கா வரலைன்னு புகார் குடுத்தா காண்ட்ராக்டர் தராததை கம்பெனிதான் தரணும், 1970 காண்ட்ராக்ட் லேபர் சட்டத்துலயே அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். அட்டெண்டன்ஸ் ஷீட்ல கையெழுத்து போடறது நீ. அதனால அந்த ஷீட்ல வந்த நேரம், போன நேரம் நிமிஷத்தோட எழுது, "அரை நாள்"னு யாராவது பென்சில்ல மாத்தினா கையெழுத்து போடாதே. பேச்சு வாக்குல "சார் இதெல்லாம் வழக்கம்"னுவான். வழக்கம்தான், ஊரெல்லாம் நடக்குது, இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் எல்லா ரிஜிஸ்டரும் ஒரே பேனாவுல ஒரே கையெழுத்துல புதுசா இருக்கும், அவரும் பாத்துட்டு டீ குடிச்சுட்டுப் போவாரு, 31 வருஷமா பாத்துட்டேன்.

பசங்க முணுமுணுக்கறது அண்ணன் லேட்டா வர்றதுக்கு இல்ல தம்பி, அவங்களுக்கு அரை நாள் போகுது அவருக்கு ஒண்ணும் போகலைங்கறதுக்குத்தான். நீ அண்ணனைத் திருத்தினா மட்டும் அது அடங்காது.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நான் மேல சொன்ன தனியா, மெதுவா, டூல் ரூம் எதுவும் செல்லாது. பாதுகாப்பு. உங்க கம்பெனில மோட்டார் ஸ்டாம்பிங் அடிக்கற பவர் பிரஸ் இருக்கும். ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கினாத்தான் இறங்கும், அதுக்குத்தான் ரெண்டு பட்டன், கை உள்ள இருக்கக் கூடாதுன்னு. பீஸ் ரேட்டுக்காக (எத்தனை பீஸ் அடிக்கறமோ அந்தக் கணக்குல காசு) ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிட்டு ஒத்தைக் கையில ஓட்டறான்னு வெச்சுக்கோ. அங்க "அப்புறம் பேசிக்கலாம்" கிடையாது, எல்லார் முன்னாடியும், அது உன் அண்ணனா இருந்தாலும், எம்.டி. மச்சானா இருந்தாலும், மெஷினை நிறுத்து, டேப்பைப் பிய்ச்சு எறி, அப்புறம்தான் வாயைத் திற. பேச்சு, காரணம், பஸ் டைம் எல்லாம் விரல் பத்து இருக்கும்போதுதான். குடிச்சுட்டு வந்தாலும் இதேதான், மெஷின் பக்கமே விடாதே, ஆனா பைக்ல திருப்பியும் அனுப்பாதே, வழியில ஏதாவது ஆச்சுன்னா "சூப்பர்வைசர்தான் போகச் சொன்னாரு"ன்னு வரும். ஒரு ரூம்ல உக்கார வெச்சு, ஆளை அனுப்பி வீட்டுக்குச் சொல்லி, ரெண்டு பேரை சாட்சியா வெச்சு அப்பவே எழுதி, டாக்டர்கிட்ட காட்ட முடிஞ்சா காட்டு. மறுநாள் "வாடை அடிச்சுதுங்க"ன்னு வெறும் வாயில சொன்னா என்கொயரில நிக்காது. டேப் ஒட்டறதைப் பாத்தும் பாக்காத மாதிரி போற சூப்பர்வைசர்கள் நிறைய பேர், ஏன்னா புரொடக்‌ஷன் நம்பர் அவங்களுக்கும் வேணும். மேல இருக்கறவங்களும் அந்த நம்பரைத்தான் கேப்பாங்க, விரல் போன அன்னிக்கு மட்டும் "சேஃப்டி ஃபர்ஸ்ட் போர்டு மாட்டியிருந்தோமே"ன்னுவாங்க.

இன்னொண்ணு, உன்னைப் பத்தி. சூப்பர்வைசர் ஆர்டர் கைக்கு வந்துச்சா? சம்பளம் எவ்வளவு போட்டிருக்காங்க? மேற்பார்வை வேலையும் பாத்து மாசம் 18,000 ரூபாய்க்கு மேலயும் வாங்கினா புது கோடு படி நீ "தொழிலாளி" கணக்குல வர மாட்டே, நாளைக்கு உன்னையே அனுப்பினா அண்ணனுக்கு இருக்கற பாதுகாப்பு உனக்கு இருக்காது. பேரு சூப்பர்வைசர், வேலை முழுக்க மெஷின்லன்னா அது வேற கதை, கோர்ட் பேரை விட்டுட்டு வேலையைத்தான் பாக்கும். அதனால தினமும் என்ன வேலை செய்யறேன்னு ஒரு டைரில எழுதி வை, அந்த டைரி வீட்ல இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கடைசிக் கேள்வி. தாராளமா அண்ணேன்னே கூப்பிடு. திடீர்னு பேர் சொல்லிக் கூப்பிட்டா அவரு மட்டுமில்ல, ஷாப்ல இருக்கற அத்தனை பேரும் உன்னை அளந்துருவாங்க. மெமோல மட்டும் பேரும் டோக்கன் நம்பரும் போடு.