கேளுங்க, சொல்றோம்: கச்சான் தோட்டத்து ஜனாதிபதி

கேள்வி: கச்சான் (வேர்க்கடலை) விவசாயியா இருந்து அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டர் செத்தப்போ எல்லா வெளிநாட்டு சேனலும் அவர மகான் ரேஞ்சுக்கு தூக்கி வச்சு பேசுனாங்க. எங்க தாத்தாவோ, "அப்ப ரேடியோவுல அந்தாள ஒன்னுக்கும் உதவாதவன்னு தானேப்பா சொன்னாங்க"ங்கிறார். எத நம்புறது?
- வாசகர், ஹட்டன்

பதில்: தாத்தா கேட்டதும் நெசம், நீங்க பாத்ததும் நெசம். ரெண்டுமே மீடியா செஞ்ச வேலை தான். 1979 நவம்பர்ல ஈரான் தலைநகர் தெஹ்ரான்ல அமெரிக்க எம்பசிக்குள்ள மாணவர்கள் பூந்து ஆளுகள புடிச்சு வச்சாங்கல்ல, அதுல 52 பேர் 444 நாள் உள்ளயே கெடந்தாங்க. அமெரிக்காவோட ஏபிசி டிவி சேனல் அதுக்குன்னே ராத்திரி ஒரு ப்ரோகிராம் ஆரம்பிச்சுது, சிபிஎஸ் சேனல்ல நியூஸ் வாசிச்ச வால்டர் க்ரொன்கைட் அத முடிக்கிறப்போ இன்னைக்கு எத்தனையாவது நாள்னு சொல்லிட்டு தான் எந்திரிப்பார், கடன்காரன் தெனம் வாசல்ல நின்னு வட்டிக் கணக்கு சொல்ற மாதிரி. எந்த ஜனாதிபதி தாங்குவான்? 1980 ஏப்ரல்ல மீட்கப் போன ஹெலிகாப்டர் பாலைவனத்துல விமானத்தோட மோதி 8 பேர் செத்ததோட கத முடிஞ்சுது. நவம்பர்ல ரேகன் கிட்ட தோத்தார், ரேகன் சத்தியப்பிரமாணம் எடுத்து சில நிமிஷத்துலயே 52 பேரையும் விட்டாங்க. (அதே வருஷங்கள்ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம மலையக சனம் தோட்டத்து லய வீடுகள காலி பண்ணிட்டு தலைமன்னார்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏறிட்டு இருந்துச்சு, அதுக்கு எவனும் நாள் எண்ணல, அது வேற விசயம்.)

2024 டிசம்பர்ல 100 வயசுல போய் சேந்ததும் பழசெல்லாம் கழுவி விட்டாச்சு. 1978ல எகிப்து ஜனாதிபதி சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் அமெரிக்காவுல கேம்ப் டேவிட்ல 13 நாள் உக்கார வச்சு பேச வச்சது பெரிய விசயம் தான், மறுக்கல, ஆனா பலஸ்தீனருக்கு அதுல ஒன்னும் கெடைக்கல. 1977 கடைசி ராத்திரி தெஹ்ரான்லயே ஈரானோட ஷா மன்னர் கூட விருந்துல உக்காந்து ஈரான் ஸ்திரமான தீவுன்னு புகழ்ந்தவரும் இவர் தான். கிழக்கு திமோர இந்தோனேசியா நசுக்குனப்போ அந்த ஆர்மிக்கு ஆயுதம் போனதும் இவர் ஆட்சியில தான். மனித உரிமைய பத்தி அதிகம் பேசுன ஜனாதிபதிங்கிறதால இதெல்லாம் கொஞ்சம் கூடவே உறுத்துது.

கேள்வி: பதவி போன பொறகு அப்படி என்ன செஞ்சார்?
- வாசகி, பதுளை

பதில்: என்னைக் கேட்டா அது தான் அவரோட அசல் வாழ்க்க. நரம்புச் சிலந்தின்னு ஒரு நோய். குளத்துத் தண்ணியில இருக்கிற நுணுக்கமான பூச்சி வழியா உடம்புக்குள்ள போய், வருஷம் கழிச்சு கால்ல கொப்புளம் போட்டு, நூல் மாதிரி ஒரு மீட்டர் வரைக்கும் புழு வெளிய வரும். இழுத்தா அறுந்துரும், சின்ன குச்சியில தெனம் கொஞ்சங் கொஞ்சமா சுத்தித் தான் எடுக்கணும், வலியில மனுசன் வயலுக்கே போக முடியாது. தடுப்பூசியும் இல்ல, மருந்தும் இல்ல. அவர் ஆரம்பிச்ச கார்ட்டர் சென்டர்ங்கிற தொண்டு அமைப்போட ஆளுக ஆப்பிரிக்கக் கிராமங்களுக்குப் போய் தண்ணிய துணியில வடிகட்டிக் குடிங்க, புண்ணோட குளத்துல எறங்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே 1986ல ஏறக்குறைய 35 லட்சமா இருந்தத 2023ல 14 பேருக்குக் கொண்டு வந்துட்டாங்க. 2002ல நோபல் சமாதானப் பரிசும் கெடச்சுது.

கேள்வி: இந்தியாவுல அவர் பேருல ஊர் இருக்காமே, மெய்யா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: மெய் தான். ஹரியானாவுல. 1978 ஜனவரியில அந்தக் கிராமத்துக்கு வந்துட்டுப் போனார், சனங்க கார்ட்டர்புரின்னு மாத்திட்டாங்க. அவங்கம்மா லிலியன் அறுபதுகள்லயே, 68 வயசுக்கு மேல, பம்பாய் பக்கம் விக்ரோலியில வந்து நர்ஸ் வேலை பாத்தவங்க. அந்தம்மாவப் பத்தி தனியா ஒரு கேள்வி அனுப்புங்க, எழுத நெறைய இருக்கு.