எழுதித் தந்தவர் போன பிறகு

கேள்வி: நாங்கள் 4 பேர், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில், சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்றைத் திறந்த மூலமாக (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) நடத்திவருகிறோம். தொடக்கத்தில் வெளியிலிருந்து யார் மாட்யூல் (கூடுதல் வசதி தரும் தனிப் பகுதி) எழுதி அனுப்பினாலும் மகிழ்ந்து சேர்த்துக்கொண்டோம். இப்போது 11 மாட்யூல்கள் இருக்கின்றன. அவற்றில் 6 மாட்யூல்களை எழுதியவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அவற்றைச் சரிசெய்வதிலேயே நேரம் போகிறது. இந்நிலையில் இளைஞர் ஒருவர், கடன் பாக்கியைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டும் பெரிய மாட்யூல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஏற்கப் பயமாக இருக்கிறது, மறுக்கவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

‘நன்றாகவே எழுதியிருக்கிறார்’ என்ற வரியில்தான் என் கண் நின்றது. நிரலின் தரத்தைப் பார்த்தே மாட்யூலைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க நாம் பழகிவிட்டோம். ஆனால் இன்று உங்களைப் பாடாய்ப் படுத்தும் அந்த 6 மாட்யூல்களும் வந்த நாளில் நன்றாகத்தான் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு இதை யார் பார்த்துக்கொள்வார் என்ற கேள்வியை முதலில் கேளுங்கள். மாட்யூலைக் கோருக்குள், அதாவது மென்பொருளின் மையப் பகுதிக்குள், மெர்ஜ் செய்துவிட்டால், அதன் பிழைகளுக்கு நீங்கள்தான் பொறுப்பு. கடைக்காரருக்கு எழுதியவரின் பெயர் தெரியாது, உங்கள் மென்பொருளின் பெயர்தான் தெரியும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நான் பங்கெடுத்த ஒரு சிறு திட்டத்துக்கு, தெர்மல் பிரிண்டரில் தமிழ் ரசீது அச்சிடும் மாட்யூல் வந்தது. அன்று மாலையே சேர்த்துவிட்டோம். ஓராண்டு கழித்து அச்சுக்கான லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) மாற்றியபோது, ‘கொத்தமல்லி’யில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருந்தார். எங்கள் யாரிடமும் அந்தப் பிரிண்டர் இல்லை. கடைக்காரர் ஒருவர் ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்ப, நாங்கள் ஊகத்தில் திருத்தி, மறுபடி அவரையே அச்சிட்டுப் பார்க்கச் சொல்லி, மூன்று வாரம் ஓடிப்போனது. நம்மால் சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை நம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதுதான் அங்கே நடந்த தவறு.

குறுஞ்செய்தி மாட்யூலிலும் இதே சிக்கல் உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி, வணிக நோக்கில் குறுஞ்செய்தி அனுப்புகிறவர் தம் அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசக மாதிரியையும் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்கு மேல் குறுஞ்செய்திச் சேவை நிறுவனத்தில் பணம் கட்டிய கணக்கும் வேண்டும். உங்கள் நால்வரில் ஒருவரிடமாவது இவை இருக்கின்றனவா? இல்லையென்றால், அந்த நிறுவனம் தன் ஏபிஐயை (மற்ற மென்பொருள்கள் அதனோடு பேசும் வழியை) மாற்றும் நாளில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பெரிய திட்டங்களே இதில் திணறியிருக்கின்றன. சர்வர்களை நிர்வகிக்கும் ஆன்சிபிள், வெளியார் எழுதிய மாட்யூல்களையெல்லாம் ஒரே களஞ்சியத்தில் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தில்) சேர்த்துக்கொண்டே போய், 2.9 பதிப்பில் 3,000-ஐத் தாண்டிவிட்டது. 2020-இல் வந்த 2.10 பதிப்பில் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை ‘கலெக்‌ஷன்’ என்ற பெயரில் தனித்தனிக் களஞ்சியங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர்கள், தனி வெளியீட்டுத் தேதி. 11 மாட்யூல்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள் என்பதே என் யோசனை.

இதில் உழைப்பு இல்லாமல் இல்லை. வெளி மாட்யூல் கோரின் உள்ளறைக்குள் கை நுழைக்காமல் வேலை செய்ய, அது பிடித்துக்கொள்ளும் இடங்களை நீங்கள் வகுத்துத் தர வேண்டும்: பாக்கித் தொகை மாறும்போது இந்த ஃபங்ஷன் அழைக்கப்படும், ரசீது உருவாகும்போது இன்னது, என்று ஒரு சில இருந்தாலே போதும். அவற்றை மாற்றுவதாக இருந்தால் ஒரு வெளியீட்டுக்கு முன்பே அறிவியுங்கள். ஒவ்வொரு மாட்யூலும் கோரின் எந்தப் பதிப்பு முதல் எதுவரை இயங்கும் என்பதைத் தன்னிடமே எழுதி வைத்திருக்கட்டும். அந்த எல்லைக்கு வெளியே போனால் கோர் அதை ஏற்ற மறுத்துத் தெளிவான செய்தி காட்டட்டும். அரைகுறையாக ஓடி கணக்கைக் கெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

இளைஞரிடம் அவருடைய மாட்யூலைத் தனிக் களஞ்சியமாக வைக்கச் சொல்லுங்கள். அங்கே முழு அதிகாரம் அவருக்கு. உங்கள் பட்டியலில் அவர் பெயரோடு மாட்யூல் இடம்பெறும். ஆனால் அலுப்பு மிகுதியில், ‘கோரையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். அவரைச் சந்தேகித்து இதைச் சொல்லவில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளைத் தனியாளாய்ச் சுமந்து களைத்திருந்த பராமரிப்பாளர், ஒழுங்காகப் பங்களித்துவந்த ஒருவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார், 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்தப் பங்களிப்பாளர் வைத்த ரகசியக் கதவு ஒன்று இருந்தது தெரியவந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கள்ளத்தனம் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ரிவ்யூ செய்கிறவர்கள் சோதனைக் கோப்புகளைப் பெரும்பாலும் திறந்தே பார்ப்பதில்லை. நீங்கள் திறந்து பாருங்கள். வெளியீட்டுப் பொதியையும் உங்களில் ஒருவரே தயாரியுங்கள்.

உரிமத்தைப் பற்றி இளைஞரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் 2004 முதல் அதைத்தான் செய்கிறது: ‘இதைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்று அனுப்புகிறவர் ஒவ்வொரு மாற்றத்திலும் தம் பெயரிட்டு உறுதி கூறுகிறார்.

ஆளில்லாத அந்த 6 மாட்யூல்களுக்கு வருகிறேன். எழுதியவர்களுக்கு ஒருமுறை மின்னஞ்சல் அனுப்புங்கள். பிறகு, ‘இதைப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது ஏற்று நடத்துகிறீர்களா?’ என்று அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் பெயர் சொல்லிக் கேளுங்கள். யாரும் வராதவற்றை அதற்கடுத்த வெளியீட்டில் எடுத்துவிடுங்கள். எந்தப் பதிப்புவரை அவை ஓடின என்பதை மட்டும் மறக்காமல் குறித்து வையுங்கள். களஞ்சிய வரலாற்றில் நிரல் அப்படியே இருக்கும், நாளை ஒருவர் வந்தால் மீட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் 2008 முதல் உள்ள ‘ஸ்டேஜிங்’ பகுதியில், முதிராத டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்), செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலோடு காத்திருக்கும். கவனிப்பார் இல்லாதவற்றை நீக்கிவிடுவார்கள். அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த இளைஞர் மாட்யூலை அனுப்பி எத்தனை நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. முழு ஏற்பாடும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ‘படித்தோம், நன்றாக இருக்கிறது, கோருக்குள் சேர்க்க மாட்டோம், தனி மாட்யூலாக நீங்களே நடத்த வழி செய்துகொண்டிருக்கிறோம், ஓராண்டுக்காவது பார்த்துக்கொள்ள முடியுமா?’ என்று இன்றிரவே அவருக்கு எழுதுங்கள்.