கொரோனா காலத்தில் சிங்கப்பூரில் குடும்பம் நடத்தியது எப்படி? வரப்போகும் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். வேலை உறுதியாகிவிட்டது, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறீர்கள். ஆனால் ஊரில் அப்பாவும் அம்மாவும், "கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் தெரியாத ஊரில் என்னடா செய்வாய்?" என்று கேட்டுத் தடுக்கிறார்கள். இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் அப்போது அன்றாடத்தை எப்படிச் சமாளித்தன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து ரொம்ப வருடமாகிறது, ஈசூன் வட்டாரத்தில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். அந்தக் காலம் முழுக்க இங்கேதான் இருந்தேன்.

முதலில் அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்: சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் நாங்கள் திண்டாடவில்லை. 2020 பிப்ரவரி 7 அன்று அரசாங்கம் நோய்ப் பரவல் எச்சரிக்கை நிலையை, உச்சமான சிவப்புக்கு ஒரு படி கீழே இருக்கும் ஆரஞ்சுக்கு உயர்த்தியது. அன்று சாயங்காலமே சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, நூடுல்ஸ், டாய்லெட் பேப்பர் அலமாரிகள் காலியாகிவிட்டன. அது பயத்தில் அடித்துப்பிடித்து வாங்கியதால் வந்தது, சரக்கு இல்லாமல் வந்ததல்ல. சில நாளில் எல்லாம் திரும்ப வந்துவிட்டது. மறுநாள் பிப்ரவரி 8 தைப்பூசம். காவடிகூட நடந்தது. அப்புறம் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 'சர்க்யூட் பிரேக்கர்' என்று ஊரையே நிறுத்தினார்கள். அப்போதும் சந்தையும் கோப்பிக்கடையும் திறந்திருந்தன. உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

வைத்தியச் செலவைப் பற்றி அப்பா கண்டிப்பாகக் கேட்பார். அப்போது அரசாங்க மருத்துவமனையில் கோவிட் சிகிச்சைக்கான கட்டணத்தைக் குடிமக்களுக்கு மட்டுமல்லாமல், நிரந்தரவாசிகளுக்கும் நீண்டகால பாஸ் (இங்கே வேலை செய்ய, தங்கத் தரும் அனுமதி) வைத்திருந்தவர்களுக்கும் அரசாங்கமே ஏற்றது. வெளிநாடு போய்த் திரும்பியதும் தொற்று உறுதியானவர்களுக்கு விதி வேறு. தடுப்பூசியும் அப்போது பாஸ்காரர்களுக்கு இலவசம். இனி ஒன்று வந்தால் அப்போதும் இதே விதிதான் இருக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. அதனால் கம்பெனி தரும் மருத்துவக் காப்பீட்டில் மனைவியும் மகளும் சேர்ந்திருக்கிறார்களா என்று வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பக்கம் சோங் பாங் சந்தை. காய், மீன், கறிவேப்பிலை எல்லாவற்றுக்கும் அதுதான். கூட்டம் நெரிகிறது என்று ஏப்ரல் 22 முதல் இதையும் சேர்த்து நான்கு சந்தைகளுக்கு ஒரு விதி போட்டார்கள். அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதியில் மட்டும் உள்ளே போகலாம், இரட்டைப்படை என்றால் இரட்டைப்படைத் தேதியில். வாசலில் அட்டையைப் பார்த்துத்தான் விடுவார்கள். என்னுடையது ஒற்றை, வீட்டுக்காரருடையது இரட்டை. அதனால் மீன் பார்த்து வாங்கத் தெரியாத மனிதர் செல்போனை மீனுக்கு நேராக நீட்ட, நான் வீட்டிலிருந்து செவுளின் நிறத்தைப் பார்த்துச் சொல்வேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி எண் அமைந்த வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கினார்கள். லிட்டில் இந்தியாவில் இருக்கும் முஸ்தஃபா பெருங்கடை ஏப்ரல் தொடக்கத்திலேயே மூடிவிட்டது, மே மாதம்தான் திறந்தது. ஊர் மளிகைக்கு அதையே நம்பியிருந்தவர்கள் அடுக்குமாடி புளோக் அடியிலிருக்கும் சின்னக் கடைகளைத் தேடிப் போனார்கள். அந்தப் பழக்கம் பல வீடுகளில் இன்றைக்கும் தொடர்கிறது.

அந்த வருடம் சார்வரி வருடப் பிறப்பு ஏப்ரல் 14. கோயில்கள் மூடியிருந்தன. வெளியே போனால் முகக்கவசம் கட்டாயம் என்ற விதியும் அன்றைக்குத்தான் வந்தது. மாங்காய்ப் பச்சடி செய்து சாமிக்குப் படைத்துவிட்டு, ஊருக்கு வீடியோவில் காட்டினோம்.

பிள்ளைகளுக்கு ஏப்ரல் 8 முதல் வீட்டிலிருந்தே பாடம். மூவறை வீட்டில் இரண்டு பிள்ளைகள், அலுவலக மீட்டிங்கில் அப்பா, ஒரே சாப்பாட்டு மேசை. கணினி இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் இரவல் கொடுத்தார்கள், எங்கள் சின்னவனுக்கும் ஒன்று கிடைத்தது. தமிழ்ப் பாடத்தில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் பக்கத்து அறையில் அவன் அப்பா அலுவலகத்தில் பேசுவது அதில் கேட்கும். சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு அவனை உட்கார வைத்தேன். ஜூன் விடுமுறையை மே மாதத்துக்கே முன்தள்ளினார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். நீங்கள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது ரயில் நிலையத்துக்குப் பக்கமா என்று பார்ப்பதோடு, கதவைச் சாத்திக்கொள்ள இன்னொரு அறை இருக்கிறதா என்றும் பாருங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் முக்கியம்.

நாங்கள் நிஜமாகத் தவித்தது தூரத்தாலும் பாஸாலும்தான். அப்பா அம்மா பயப்படுவதில் நியாயம் இருந்தால் அது இங்கேதான்.

2020 மார்ச் 23 இரவோடு குறுகியகால வருகையாளர்களுக்குச் சிங்கப்பூர் கதவை மூடியது. ஏறக்குறைய அதே நேரத்தில் இந்தியாவும் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களை நிறுத்திவிட்டது. நம் வீடுகளில் தலைப்பிரசவம் என்றால் ஒன்று பெண் தாய்வீட்டுக்குப் போவாள், இல்லை அம்மா இங்கே வருவார். இரண்டுமே நின்றுபோனது. ஏழாம் மாதம் ஊருக்குப் போன பெண்கள் குழந்தையோடு அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். குழந்தை குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் அப்பாக்காரர் போனில்தான் பார்த்தார். அப்படி எனக்குத் தெரிந்தே சில குடும்பங்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்கு மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். விண்ணப்பிப்பார்கள், வராது, மறுபடி விண்ணப்பிப்பார்கள்.

இங்கே பிரசவமானவர்கள் கதை இன்னொன்று. எங்களுக்கு இரண்டு மாடி கீழே கும்பகோணத்துப் பெண் ஒருத்தி, மே மாதம் முதல் குழந்தை. மாமியார், அம்மா யாரும் வர முடியவில்லை. மற்றவர் வீட்டுக்குப் போகவும் அப்போது அனுமதி கிடையாது. நானும் எங்கள் புளோக்கில் இன்னும் சிலரும் முறை வைத்துக்கொண்டு பத்தியச் சாப்பாடு செய்தோம். பூண்டுக் குழம்பு, கருவாடு போட்ட குழம்பு, சுக்கு மல்லிக் காப்பி. டப்பாவில் போட்டு அவள் வீட்டுக் கம்பிக் கதவில் மாட்டிவிட்டு, மணியை அடித்துவிட்டு வந்துவிட வேண்டியது. குழந்தையைக் குளிப்பாட்டத்தான் அவளுக்கு பயம். குளியலறையில் செல்போனை வாளிமேல் சாய்த்து வைத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுக்கொள்வாள். அந்தப் பக்கம் கும்பகோணத்தில் அவள் அம்மா, "கழுத்தைப் பிடிச்சுக்கோ, மூக்குல தண்ணி போயிடாம, இப்பத் திருப்பு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நெட் இழுக்கும்போது படம் அப்படியே நின்றுவிடும். அது மறுபடி ஓடும் வரை ஈரக் குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருப்பாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழுதாள். குழந்தை நன்றாக வளர்ந்து இப்போது பள்ளிக்குப் போகிறது.

அதே மாடியில் இருந்த மலாய் அக்காவை நான் மறக்க மாட்டேன். அந்த வருட நோன்பு மாதம் முழுக்க இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேதான் போனது. நோன்புச் சந்தை கிடையாது, பள்ளிவாசல் மூடியிருந்தது. அப்படியும் அவர் தான் செய்த பலகாரத்தில் ஒரு பங்கை அந்தப் பெண்ணின் கதவில் மாட்டிவிட்டுப் போவார். இவள் பதிலுக்குக் கேசரி செய்து அவர் கதவில் மாட்டினாள். அதுவரை அவர்கள் லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி.

மலேசியத் தமிழர்கள் பட்ட பாடு தனி. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் குடும்பத்தை வைத்துவிட்டு தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். மலேசியா 2020 மார்ச் 18 முதல் எல்லையை மூடியதும், இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஒரு நாள் அவகாசத்தில் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு சட்டையோடு வந்து நண்பர் வீட்டில் ஓர் அறையில் தங்கினார். இந்தப் பக்கம் எல்லையோர உட்லண்ட்ஸிலிருந்து பார்த்தால் ஜொகூர் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும், அங்கேதான் அவர் மனைவி மக்கள். இடையில் போய்வர ஒரு ஏற்பாடு வந்தது, ஆனால் தனிமைப்படுத்தலுக்கு லீவு போடவும் பணத்துக்கும் வழியில்லாதவர்களுக்கு அது உதவவில்லை. தரைவழி முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்றுதான்.

தங்கும் விடுதிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது பாதி உண்மைதான். இங்கே கட்டடம் கட்டுகிறவர்களிலும் கப்பல்பட்டறையில் வேலை செய்கிறவர்களிலும் நம் ஊர்ப் பையன்கள் எவ்வளவு பேர் என்று உங்களுக்கே தெரியும். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் விடுதிகளில் இருந்தார்கள். ஒரே அறையில் பத்து பன்னிரண்டு பேர், அடுக்குக் கட்டில், பொதுக் குளியலறை. கிருமி அங்கேதான் காட்டுத்தீயாகப் பரவியது. 2020இல் சிங்கப்பூரில் உறுதியான தொற்றுகளில் மிகப் பெரும்பகுதி விடுதிகளில்தான். நாங்கள் ஜூன் மாதம் வெளியே வந்துவிட்டோம். அவர்கள் வேலைக்கும் விடுதிக்கும் மட்டும் போய்வந்தபடி இன்னும் நெடுநாள் உள்ளேயே இருந்தார்கள். 2021 செப்டம்பரில்தான் சிறு சிறு குழுவாக லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப்போய் விட்டுப் பார்த்தார்கள். எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் அப்போது போனில் கேட்டது பிரியாணியோ பணமோ இல்லை, "அக்கா, டாப் அப் மட்டும் போட்டு விடுங்க, அம்மாகிட்டப் பேசணும்" என்பதுதான். பல குடும்பங்கள் மாதச் செலவில் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கின. அந்தப் பையன்களுக்கு இந்த ஊர் இன்னும் நிறையச் செய்திருக்க வேண்டும் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் கொடுமை 2021 மே மாதம். ஊரில் இரண்டாம் அலை. ஏப்ரல் 23 இரவு முதல், கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்த பாஸ்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்று சிங்கப்பூர் நிறுத்திவிட்டது. அக்டோபர் கடைசி வரை அந்தத் தடை நீடித்தது. போனால் எப்போது திரும்புவோம் என்று தெரியாது, அதுவரை வேலை இருக்குமா என்றும் தெரியாது. எங்கள் நாத்தனார் அந்த மாதம் தஞ்சாவூரில் தவறிவிட்டார். அதற்கு முன் வீட்டுக்காரர் இரவெல்லாம் ஆக்சிஜன் படுக்கைக்காக நண்பர்களுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். கடைசியில் மயானத்தை வீடியோவில் பார்த்தார். கூடத்தில் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள், ஒரு வீட்டுக்கு இத்தனை பேர்தான் என்ற விதி இருந்ததால், முறை வைத்து வந்து போனார்கள்.

இதிலிருந்து நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வேலை போய் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் தங்க விடுவார்கள். மனைவி, மகள் பாஸும் உங்களுடையதை ஒட்டியது. ஆகவே வந்த முதல் வருடத்திலேயே கார், பெரிய வீடு என்று கையை நீட்டாமல், ஆறு மாத வாடகையும் மூன்று டிக்கெட்டுக்கான பணமும் தொடாமல் வையுங்கள். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் காலாவதியாக ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த நேரத்தில் புதுப்பிக்க அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடியில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் வந்த வாரமே மனைவியோடு போய்ப் பேசிவிடுங்கள். தமிழர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஊரில் அப்பா அம்மாவுக்கு நடு ராத்திரியில் கூப்பிட்டால் வண்டி எடுத்துக்கொண்டு வர ஓர் ஆள் வேண்டும். அது சித்தப்பா மகனோ, அடுத்த தெரு நண்பரோ, யாராக இருந்தாலும் இப்போதே பெயரை முடிவு செய்து அவரிடமே கேட்டுவிடுங்கள். மருத்துவமனை முன்பணத்துக்கு அவர் உடனே எடுக்கக்கூடிய மாதிரி ஒரு கணக்கு, அப்பா அம்மாவின் மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை ஆகியவற்றின் படம் அவர் போனிலும் உங்கள் போனிலும். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்னால் இதை அப்பாவோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டால், அவரே உங்களை அனுப்பி வைப்பார் என்றுதான் நினைக்கிறேன். மகளுக்கு என்ன வயது என்று எழுதவில்லையே, அதைச் சொன்னால் பள்ளி விவரம் எழுதுகிறேன்.