பீரோவில் இருக்கும் அட்டைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் கணவரும் திருச்சியில் இருக்கிறோம். இரண்டு வருடம் முன்பு ஒரு இல்லத்திலிருந்து ஃபாஸ்டர் கேரில், அதாவது தத்தெடுக்காமல் வீட்டில் வைத்து வளர்க்கும் ஏற்பாட்டில், ஒரு பையனை அழைத்து வந்தோம். இப்போது ஒன்பது வயது. ஆட்டிசம். ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பையைக் கையில் எடுத்தாலே அலறுகிறான். இனி தத்துக்கு மனு போடலாம் என்கிறார்கள். மாமியாரோ, "இப்படியே வளர்த்தால் போதாதா, மகனாக்கிக்கொண்டால் உங்களுக்கப்புறம் யார் பார்ப்பது?" என்கிறார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பேச்சு வரும் என்று ஒருவர் சொல்கிறார். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கத் தெரபியில் கொடுத்த பட அட்டைகளைப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று பயந்து பீரோவில் வைத்துவிட்டேன். ஒரே ஒருமுறை அவன் வாயால் அம்மா என்று கேட்டால் போதும் அக்கா.

க.

அன்புள்ள க.,

மனு போடுங்கள். வளர்ப்புக் குடும்பம் தத்துக் கேட்க முன்பு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2024 ஃபாஸ்டர் கேர் வழிகாட்டு நெறிமுறைகளின்படி அது இரண்டாகக் குறைந்திருக்கிறது. உத்தரவுக்கு இப்போது கோர்ட்டுக்குப் போக வேண்டாம், மாவட்ட ஆட்சியரே தருகிறார். ஊசி வேண்டாம். ஆட்டிசத்தைப் போக்கும் ஊசி எதுவும் இல்லை, காசை வீணாக்காதீர்கள். மாமியாரின் கவலை நியாயமானதுதான். ஆனால் அது பெற்ற பிள்ளைக்கும் உள்ள கவலை. பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளர் ஒருவரை நியமிக்க 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என் மனசு போய் நின்றது அந்த பீரோவில்தான். கொஞ்ச நாளாகவே என் சித்தியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தி சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். 1988-இல் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிய பெண் காய்ச்சலில் செத்துப்போனாள். அவளுடைய மூன்று வயதுப் பையனைச் சித்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். யாரும் கேட்கவில்லை, எங்கேயும் எழுதவில்லை. பையனுக்குப் பேச்சு வரவில்லை. சாக்குப்பையின் நூலைப் பிரித்து விரலில் சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். ஏதாவது வேண்டுமென்றால் சித்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருள்மேல் அவள் கையை வைப்பான். தண்ணீர் என்றால் பானைமேல். வெளியே போகவேண்டுமென்றால் கதவுத் தாழ்ப்பாள்மேல்.

பதினோரு வயதில் திடீரென்று முஷ்டியால் தன் கன்னத்தைக் குத்த ஆரம்பித்தான். நிலைப்படியில் முட்டிக்கொண்டான். சோறு இறங்கவில்லை. கருப்பு அடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் கொண்டுபோனார்கள். ஒரு டாக்டர் தூக்க மாத்திரை எழுதினார். வீட்டில் மாமா அவன் கைகளைத் துண்டால் கட்டிப்போட்டார். இப்படி மூன்று வாரம். ஒருநாள் அவன் தூங்கும்போது வாயிலிருந்து வந்த நாற்றத்தில் சித்தி டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். கடைவாய்ப் பல் புழுத்து, ஈறு சீழ் கோத்து நின்றது.

அந்த மூன்று வாரமும், கை அவிழ்ந்திருந்த நேரமெல்லாம், அவன் சித்தியின் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டே இருந்தான். கொஞ்சச் சொல்கிறான் என்று நினைத்து அவள் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சொல்லிக்கிட்டேதாண்டி இருந்தான்" என்று சாகும்வரை சொன்னாள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது, க. உங்கள் பிள்ளைக்கு ஒரு பல் வலித்தால் அதைச் சொல்ல இருக்கும் ஒரே வழியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்கள். அவன் 'அம்மா' என்று சொல்லி நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காக. அந்த ஆசை தப்பில்லை. ஆனால் அது உங்கள் தேவை. அவனுக்கு முதலில் தேவைப்படுவது 'வலிக்குது', 'வேண்டாம்', 'போதும்'. இல்லத்தில் வளர்ந்த பிள்ளை அவன். என்றைக்குக் குளிப்பது, எதைத் தின்பது, யாரோடு எந்த ஊருக்குப் போவது என்று எல்லாவற்றையும் அடுத்தவர்கள் முடிவுசெய்தார்கள். அவனுடைய 'வேண்டாம்' என்பதை ஒருவரும் கேட்டதில்லை. அவனைவிட வேண்டாம் என்ற சொல் அதிகம் தேவைப்படும் பிள்ளை வேறு யார்?

அட்டை கொடுத்தால் பேச்சு நின்றுபோகும் என்பது ரொம்பப் பழைய பயம். இதை ஆராய்ந்த பழைய ஆய்வுகளையெல்லாம் சலித்து 2006-இல் ஒரு தொகுப்பு வெளியானது. நம்பகமாகப் பதிவான 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. 89 சதவீதம் பேருக்குக் கொஞ்சமாவது கூடியிருந்தது. பெரும்பாலும் சின்ன முன்னேற்றம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்குப் பேச்சு வரலாம், வராமலே இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் இன்றைக்கு ராத்திரி அவனுக்கு வயிறு வலிக்கலாம். அட்டை பழகிய பிறகு டேப்லெட்டில் படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலிகள் இருக்கின்றன. சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலேயே பேசும்.

ஒரு எச்சரிக்கை. பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் வைத்து, 'பாருங்கள், கவிதை எழுதுகிறான்' என்று காட்ட யாராவது வருவார்கள். 1990-களில் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், கைபிடிப்பவருக்கு வேறு படம். எழுத்தில் வந்தது கைபிடித்தவர் பார்த்த படம். அவன் கையைத் தொடாமல் அவனே எடுத்துக் கொடுக்கும் அட்டை மட்டும்தான் அவன் சொல். அது 'பிஸ்கட்' என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தாலும் சரி.

இன்னொன்று. அவன் அறையில் இருக்கும்போது மாமியாரோடு இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பேசாத பிள்ளைக்குக் காது கேட்கும்.

தத்து விஷயத்துக்கே வருகிறேன். சித்தி அன்பில் குறை வைக்கவில்லை, காகிதத்தில் வைத்துவிட்டாள். பிறப்புச் சான்று கிடையாது. ரேஷன் கார்டில் பெயர் ஏற்ற ஆறு வருடம் அலைந்தாள். அன்றைக்கு இருந்த 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற சொல்லே இல்லை, 2016-இல்தான் சேர்த்தார்கள். அதனால் சான்றிதழில் மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதினார்கள். சித்தி போன பிறகு, "நீங்கள் அவருக்கு என்ன உறவு?" என்று ஒவ்வொரு மேஜையிலும் என்னைக் கேட்டார்கள். தம்பி என்றேன். நிரூபிக்கச் சொன்னார்கள்.

ஆட்சியர் அலுவலகத்துக்குப் போகும் நாளில் பையைக் கட்டாதீர்கள், உங்கள் கைப்பையைக்கூட அவன் தூங்கும்போதே வண்டியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பை கட்டிய பிறகுதான் அவன் இடம் மாறியிருப்பான். மூன்று போட்டோ எடுத்து ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். முதலில் உங்கள் வீட்டு வாசல். நடுவில் அந்த அலுவலகம். மூன்றாவது மறுபடி அதே வாசல். ஒரு வாரம் முன்னாலிருந்தே தினமும் காட்டுங்கள். வழியெல்லாம் அந்த அட்டை அவன் கையிலேயே இருக்கட்டும்.