மூன்று கிரெடிட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் வருகிற ஆகஸ்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறாள். எந்தக் கணித வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதால் முதலில் காலேஜ் அல்ஜீப்ரா என்ற அடிப்படை இயற்கணிதப் பாடத்தை முடிக்கச் சொல்கிறார்கள். அங்கேயே படித்தால் அந்த ஒரு பாடத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆன்லைனில் நூறு டாலருக்கே கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) வாங்கிவிடலாம் என்கிறார் தோழி. நம்பிப் பணம் கட்டலாமா?

பதில்: இன்றைக்குக் கட்டாதீர்கள். தோழி சொல்வதில் பாதி சரி. சோஃபியா போன்ற தளங்கள் மாதச் சந்தா வாங்கிக்கொண்டு காலேஜ் அல்ஜீப்ரா நடத்துகின்றன. அந்தப் பாடத்துக்கு 3 கிரெடிட் கொடுக்கலாம் என்று அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற அமைப்பு பரிந்துரையும் செய்திருக்கிறது. ஆனால் அது பரிந்துரைதான். கிரெடிட் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது உங்கள் மகள் சேரும் பல்கலைக்கழகம். அப்படியே ஏற்கிற கல்லூரிகளும் உண்டு, திருப்பி அனுப்புகிற கல்லூரிகளும் உண்டு.

இதில் நான் பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து இப்படி ஓர் ஆன்லைன் பாடத்தை முடித்தான். கல்லூரி மறுக்கவில்லை, 3 கிரெடிட்டும் ஏறியது. டிரான்ஸ்கிரிப்டை (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியல்) திறந்து பார்த்தால், கணிதம் என்ற தலைப்பின் கீழ் ஒன்றுமே இல்லை. கடைசி வரியில் "பொது எலெக்டிவ்", அதாவது பொதுவான விருப்பப் பாடம், என்று போட்டு 3 என்று எழுதியிருந்தார்கள். அடுத்த செமஸ்டரில் அதே அல்ஜீப்ராவை முழுக் கட்டணம் கட்டி மறுபடி எடுத்தான். கிரெடிட் கிடைக்குமா என்று கேட்டோமே தவிர, எந்தப் பாடத்துக்கான கிரெடிட் என்று கேட்கவில்லை.

அதனால் கல்லூரியின் அட்வைசருக்கும் (பாட ஆலோசகர்) ரெஜிஸ்ட்ரார் (பதிவாளர்) அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். போனில் கேட்டுக்கொண்டால் போதாது, பதில் எழுத்தில் இருக்க வேண்டும். "இந்த வழியில் வரும் கிரெடிட் மேத் 1314 என்றே பதிவாகுமா? அதை வைத்து அடுத்த கணித வகுப்பில் சேர விடுவீர்களா?" என்று கேளுங்கள். 1314 என்பது டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் காலேஜ் அல்ஜீப்ராவுக்கான பொது எண். பாடத்தின் பெயரைச் சொல்வதைவிட எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

பதில் வருவதற்குள் செலவே இல்லாத, அல்லது மிகக் குறைந்த செலவுள்ள ஒரு வழியைப் பார்த்துவிடுங்கள். அந்த பிளேஸ்மென்ட் தேர்வை மறுபடி எழுத முடியுமா? பல பல்கலைக்கழகங்கள் இதற்கு அலெக்ஸ் என்ற தேர்வைத்தான் வைத்திருக்கின்றன. முதல் முறை மதிப்பெண் குறைந்தால், எங்கே தடுமாறினோமோ அந்தப் பகுதிகளை அதே தளத்தில் பயின்றுவிட்டுத் திரும்ப எழுத பெரும்பாலும் அனுமதி உண்டு. பிள்ளைகள் பலர் முதல் முறை அதை ஏதோ சர்வே நிரப்புவதுபோலத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். மூன்று வாரம் ஒழுங்காக உட்கார்ந்து பயின்று எழுதினால் அல்ஜீப்ராவைத் தாண்டி நேராக அடுத்த நிலைக் கணிதமான ப்ரீகால்குலஸுக்குப் போக வாய்ப்பு இருக்கிறது. கிரெடிட் வராது. ஆனால் எடுக்க வேண்டிய பாடமே ஒன்று குறைந்துவிடும்.

அது நடக்காவிட்டால் நான் முதலில் சொல்வது கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் அரசுக் கல்லூரியைத்தான். உங்கள் பக்கத்து காலின் காலேஜ், டெக்சஸிலேயே குறைந்த கட்டணம் வாங்கும் கல்லூரிகளில் ஒன்று. 1314 மாநிலத்தின் கோர் (பொது அடிப்படை) பாடத்திட்டத்தில் இருப்பதால் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் அதை மாற்றிக்கொள்வது சிக்கலில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சரிபாருங்கள். ஃபிரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) கிடக்கிறது. காலின் கவுன்டிக்காரர்களுக்குத்தான் அந்தக் குறைந்த கட்டணம். வீடு டென்டன் பக்கம் இருந்தால் தொகை ஏறிவிடும். விண்ணப்பிக்கும் முன் சொத்து வரி ரசீதையோ வாடகை ஒப்பந்தத்தையோ எடுத்து எந்தக் கவுன்டி என்று பாருங்கள்.

அடுத்தது, வகுப்புக்குப் போகாமலே கிரெடிட் பெற காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் கிளெப் தேர்வு. ஒன்றரை மணி நேரத்தில் ஏறத்தாழ 60 கேள்விகள். மதிப்பெண் 20 முதல் 80 வரை, 50 வந்தால் 3 கிரெடிட் என்பது பரிந்துரை. அதற்கு மேல் கேட்கிற கல்லூரிகளும் உண்டு. கட்டணம் 100 டாலருக்குச் சற்றுக் குறைவு, தேர்வு மையம் தனியாகக் கொஞ்சம் வாங்கும். அந்தக் கட்டணத்தையும் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவச ஆன்லைன் பாடத்தை முடித்தால் தேர்வுக்கான வவுச்சரை அவர்களே தருகிறார்கள். நல்ல அடிப்படை உள்ள பிள்ளைக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. தவறினால் மறுபடி எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வகுப்பு என்றால் ஜூன் தொடக்கத்துக்குள் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது. தவறினாலும் கம்யூனிட்டி காலேஜின் இரண்டாவது கோடை செஷன் கைவசம் இருக்கும்.

அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டியின் யுனிவர்சல் லேர்னர் என்ற ஆன்லைன் ஏற்பாடும் யோசிக்கத் தக்கது. சேர 25 டாலர். பாடத்தை முடித்து கிரேடு பிடித்திருந்தால் மட்டும் 400 டாலர் கட்டி அந்தப் பல்கலைக்கழகத்தின் டிரான்ஸ்கிரிப்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் 25 டாலரோடு போயிற்று. கம்யூனிட்டி காலேஜைவிட விலை கூடுதல். ஆனால் கிரேடு கெட்டுப்போகும் என்று பயப்படுகிற பிள்ளைக்கு அந்த நிம்மதி பெரிது.

பணத்தை விட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இதன் பின்னால் ப்ரீகால்குலஸ், கால்குலஸ் எல்லாம் வரிசையாக வரும். கிரெடிட்டை எங்கேயாவது வாங்கிவிடலாம், பாடம் மண்டையில் ஏறியிருக்க வேண்டும். மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ஓர் எண்ணோடு 6-ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதே எண் வருகிறது. அந்த எண் எது? இருபுறமும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 3, கழித்தல் 2 என்று இரண்டு விடை வரும். கழித்தல் 2-ஐத் திரும்ப வைத்துப் பார்த்தால் வர்க்கமூலம் கூட்டல் 2 ஆகிவிடுகிறது, அதனால் அது விடையல்ல. 3 என்று மட்டும் எழுதி, மற்றதை ஏன் தள்ளினாள் என்று அவளே சொன்னால் கிளெப் எழுதட்டும். இரண்டையும் விடை என்று எழுதினால், ஒரு வாத்தியார் முன்னால் உட்கார்ந்து ஒரு செமஸ்டர் படிப்பதே அவளுக்கு நல்லது.

பயிற்சிக்குப் புத்தகம் வாங்கவே வேண்டாம். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட காலேஜ் அல்ஜீப்ரா புத்தகம் முழுதாக இலவசம். கான் அகாடமியின் வீடியோக்களும் அப்படியே.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். வயது 41. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் நர்சிங் படிக்க ஆசை. கணக்கைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது. காலேஜ் அல்ஜீப்ராவுக்குத் தனிப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேரலாம் என்றிருக்கிறேன்.

பதில்: சேரும் முன், நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் நர்சிங் கல்லூரிகளின் தேவைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அவர்கள் கேட்கும் கணிதம் அல்ஜீப்ரா அல்ல, ஸ்டாடிஸ்டிக்ஸ் (புள்ளியியல்). தேவையில்லாத பாடத்துக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்தாலும் அது நஷ்டம்தானே.

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநில வாசிகளுக்கு ஒரு யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே உள்ள பெயர்) 46 டாலர். 4 யூனிட் பாடம் என்றால் 184 டாலர், மேலே சில்லறைக் கட்டணங்கள். மாநில வாசி என்று கணக்கில் கொள்ள ஓர் ஆண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். விசாவில் இருப்பவர்களுக்குத் தனி விதிகள் உண்டு, அதனால் அட்மிஷன்ஸ் அலுவலகத்தில் விசாவின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கல்லூரிக்குள்ளேயே இலவச டியூட்டரிங் மையம் இருக்கும். இருபது வருட இடைவெளிக்கு அதுதான் சரியான மருந்து. கூச்சப்படாமல் முதல் வாரமே போய் உட்காருங்கள். வெளியே காசு கொடுத்துச் சேர நினைத்த பயிற்சியை அங்கே நேரில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள்.

கேள்வி: சென்னையில் பிளஸ் டூ முடித்த தம்பி அமெரிக்காவில் பி.எஸ். படிக்கப் போகிறான். இப்போதே ஆன்லைனில் காலேஜ் அல்ஜீப்ரா கிரெடிட் வாங்கி வைத்தால் செலவு மிச்சமா?

பதில்: பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவன் என்றால் வேண்டாம். அணிகள், கலப்பெண்கள், வகையீடு, தொகையீடு வரை அவன் பார்த்தாயிற்று. காலேஜ் அல்ஜீப்ரா அதற்குக் கீழே நிற்கிற பாடம். பிளேஸ்மென்ட் தேர்வை நன்றாக எழுதினால் நேராகக் கால்குலஸ் வகுப்பில் உட்காரலாம். விசா எஃப்-1 என்ற மாணவர் விசா என்பதால் இதையும் சொல்லி அனுப்புங்கள்: முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் வகுப்புக்கு மேல் சேராது. அங்கே போனபின் மலிவாக இருக்கிறதே என்று ஆன்லைன் பாடங்களாக அடுக்கிவிடக் கூடாது.

கேள்வி: பழைய அல்ஜீப்ரா புத்தகம் 20 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வகுப்பின் சிலபஸ் கைக்கு வரும்வரை பொறுங்கள். வீட்டுப்பாடம் முழுக்க ஆன்லைன் தளத்தில் என்றால் உள்ளே நுழைய அக்சஸ் கோட் என்ற குறியீட்டு எண் வேண்டும். பழைய புத்தகத்தில் இருக்கும் அக்சஸ் கோடு எண்ணை ஏற்கெனவே யாராவது பயன்படுத்தியிருப்பார்கள், மறுபடி வேலை செய்யாது. புது அக்சஸ் கோடு எண்ணுக்குத் தனியாகப் பணம் கட்டினால், பெரும்பாலும் மின்நூலும் கூடவே வந்துவிடும். 20 டாலர் வீண்.