ஓய்வு பெற்ற படைவீரர் பேரிடர்ப் பணிக்குப் போகலாமா?

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேல் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்றே தெரியவில்லை. வெள்ளம், நிலநடுக்கம் என்று செய்தி வந்தால் உடனே கிளம்பிவிடலாம் போல இருக்கிறது. போகலாமா? பல இரவுகள் தூக்கமும் வருவதில்லை. இந்தப் பணி அதைச் சரிசெய்யுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஆனால் செய்தியைப் பார்த்த அன்றே தனியாகக் கிளம்ப வேண்டாம். தனியாக வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் சாப்பாடு, தண்ணீர், படுக்க இடம் தேவைப்படும். அந்த ஊரில் இல்லாதவை அவைதான். நீங்கள் யார், என்ன தெரியும் என்று விசாரிக்க அங்கே யாருக்கும் நேரமிருக்காது. பேரிடர் எதுவும் இல்லாத நாளில் ஓர் அமைப்பில் சேர்ந்து, பயிற்சி முடித்து, அழைப்பு வந்ததும் குழுவோடு போவதுதான் சரியான வழி. உங்கள் நாட்டின் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கம், உள்ளூர் நிர்வாகத்தின் தன்னார்வப் படை, முன்னாள் படைவீரர்களே நடத்தும் அமைப்புகள் என்று வாய்ப்புகள் உண்டு.

கடைசியாகச் சொன்ன வகையில் நன்கு அறியப்பட்டது அமெரிக்காவின் டீம் ரூபிகான். 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது ஜேக் வுட், வில்லியம் மெக்நல்டி என்ற இரு முன்னாள் மரைன் (அமெரிக்காவின் கடல்வழித் தாக்குதல் படை) வீரர்கள் சிறு குழுவாகப் போய் மருத்துவ உதவி செய்ததில் தொடங்கியது அது. அரைகுறைத் தகவலை வைத்து முடிவெடுப்பது, கிடைத்த இடத்தில் தூங்குவது, பக்கத்தில் இருப்பவனை நம்பி வேலை செய்வது எல்லாம் படையில் இருந்தவர்களுக்குப் பழகியவை. அவை அங்கே அப்படியே பயன்பட்டன. வந்தவர்களுக்கும் ஒரு யூனிட் திரும்பக் கிடைத்தது. ஓய்வுக்குப் பிறகு நீங்கள் தேடுவதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி தூக்கத்துக்கு வருவோம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ஹைட்டிக்குப் போன அந்தக் குழுவில் கிளே ஹன்ட் என்ற முன்னாள் மரைன் வீரரும் இருந்தார். போரின் மனக்காயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர், மற்ற வீரர்களுக்குத் துணையாக நின்றவர். 2011 மார்ச்சில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். படைவீரர் தற்கொலைத் தடுப்புக்காக 2015-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் அவர் பெயரைத் தாங்குகிறது. தொண்டு மனதுக்குத் தெம்பு தரும், சிகிச்சையின் இடத்தை அது பிடிக்காது. முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிகிச்சையில் இருந்துகொண்டே பணியாற்றுகிறவர்கள் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

ஹெலிகாப்டர் சத்தம், பிண வாடை, குழந்தைகளின் அழுகை, இவற்றில் எது உங்களைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போகும் என்று உங்களுக்கே தெரியும். குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் முறை கிடங்கு, வாகனம், தகவல் தொடர்பு என்று பின்னணி வேலையாகக் கேட்டு வாங்குவது நல்லது.

உண்மையில் பெரும்பாலான வேலை அப்படிப்பட்டதுதான். இடிபாட்டில் சிக்கியவர்களில் பலரை முதல் சில மணி நேரத்திலேயே அக்கம்பக்கத்தார் மீட்டுவிடுகிறார்கள். நமக்கு மிஞ்சுவது சேறு அள்ளுவது, நனைந்த சுவரைப் பெயர்ப்பது, பொருள்களைக் கணக்கெடுத்து வரிசையில் கொடுப்பது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்பியர் கையேடு காட்டும் அளவு. 500 பேர் உள்ள முகாமுக்கு 7,500 லிட்டர். அதை எந்த வண்டியில், எத்தனை நடையில் கொண்டு சேர்ப்பது? சப்ளை வேலை பார்த்தவருக்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும், பழைய சுறுசுறுப்பு வந்துவிடும்.

பழக்கம் மாற வேண்டிய இடமும் உண்டு. அந்த வீடு உங்கள் கட்டளைக்கு உட்பட்டதில்லை. சேற்றில் ஊறிய ஒரு போட்டோ ஆல்பம் உங்களுக்குக் குப்பையாகத் தெரியலாம். இறந்துபோன மகனின் முகம் அதில் மட்டுமே இருக்கலாம். கேட்காமல் எதையும் வெளியே எறியாதீர்கள். வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் யோசித்தால் காத்திருங்கள். அவர் பேசினால் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: கவனி, காது கொடுத்துக் கேள், உரிய உதவியோடு இணைத்துவிடு. ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று துருவுவது அதில் இல்லை. வேகமாக வேலை முடித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பொறுமைதான் கடினம், ஆனால் பழகிவிடும்.

திரும்பி வந்த பிறகு சில நாள் வெறுமையாக இருக்கும். பலருக்கும் அப்படித்தான். அந்த நாள்களில் குழுவினரோடு பேசிக்கொண்டிருங்கள், வீட்டு வேலைகளில் கை வையுங்கள். அடுத்த பேரிடர் எப்போது வரும் என்று மனம் ஏங்கத் தொடங்கினால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் உள்ள பயிற்சி நாள்களையும் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதையும் பிடித்துக்கொண்டவர்கள் நீண்ட காலம் நிலைக்கிறார்கள்.

சேருமுன் அமைப்பிடம் கேளுங்கள்: காயம்பட்டால் காப்பீடு உண்டா? களத்தில் நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? திரும்பியதும் எங்களோடு உட்கார்ந்து பேச ஆள் உண்டா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு அமைப்பைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.